கான்கிரீட்டின் உட்பழுதைத் தேடும் ரோபாட்டுகள்

பெங்களூரின் ஹலசூர்ப் பகுதியை அடுத்த ஜோகுபாளையத்தில் வசிப்போர் மெட்ரோ ரயிலின் மேல்நிலைப் பாதையை நாள்தோறும் காண்கின்றனர். சாலையின் நடுவே கான்கிரீட் தூண்கள் நிற்கின்றன. அவற்றின் தலைமீது குறுக்கு உத்தரங்களும், உத்தரங்களின் மீது பாதைத் தளமும் அமைந்துள்ளன. இப்பாதையில் பையப்பனஹள்ளிக்கும் மகாத்மா காந்தி சாலைக்கும் இடைப்பட்ட பகுதி 2011ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் திறக்கப்பட்டது. நகரின் முதல் மெட்ரோப் பாதை அதுவே.

ஏழு ஆண்டுகள் கழித்து, 2018ஆம் ஆண்டு டிசம்பரில், ஹலசூருக்கு அடுத்த நிலையமான டிரினிட்டியின் அருகே ஓர் உத்தரத்தின் கான்கிரீட்டில் பழுது காணப்பட்டது. தூணில் விரிசல் விழுந்துவிட்டது என்ற பேச்சு ஊரெங்கும் பரவிற்று. உண்மையில் அது தூணின் விரிசலன்று. கான்கிரீட்டினுள் ஜல்லிகளுக்கு இடையே காரை நிரம்பாமல் தேன்கூட்டைப் போல அமைந்த பொள்ளல் என்று நிர்வாகம் அறிவித்தது. வேலைத் தலங்களில் இதனை ‘ஹனிகோம்’ என்றே கூறுவர். மாத இறுதியில் அப்பகுதியில் ரயில் ஓட்டம் சில நாட்கள் நிறுத்தப்பட்டு, பழுது சீர்செய்யப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. இத்தகைய பொள்ளல் கான்கிரீட் இறுகும் நாளிலேயே உண்டாவது; பின்னாளில் வந்து சேர்வதன்று. எனினும் அது வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகலாம். பழுது கண்ணுக்குத் தெரியாத இடத்திலும், கைக்கு எட்டாத உயரத்திலும் இருக்குமாயின் அதனை உரிய காலத்தில் அறிவது எங்ஙனம்? இக்கேள்விக்கு விடை காணும் பொருட்டே, ஊர்ந்தும் ஏறியும் பறந்தும் நீந்தியும் சென்று கான்கிரீட்டைச் சோதிக்கும் ரோபாட்டுகளைப் பற்றிய ஆராய்ச்சி பல பல்கலைக்கழகங்களில் டாக்டர் பட்ட அளவில் நடைபெற்று வருகிறது. அந்த ஆராய்ச்சி எதனைத் தேடுகிறது, இதுகாறும் எதனை அடைந்துள்ளது, எது இன்னும் கைகூடவில்லை என்பவற்றைக் களப் பணியாளரும் ஆசிரியரும் அறியுமாறு விளக்குவது இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. கான்கிரீட் பழுதுறும் விதம்

கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்க வல்லது. இழுப்பைத் தாங்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. ஆதலால் இழுப்பு ஏற்படும் இடங்களில் இரும்புக் கம்பிகள் பதிக்கப்படுகின்றன. புதிய கான்கிரீட் மிகுந்த காரத்தன்மை உடையது. அந்தக் காரத்தின் நடுவே கம்பியின் மேல் மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒன்று உண்டாகி, துரு ஏறாதபடி காக்கிறது.

இந்தக் காப்பு இரு வழிகளில் அழிகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு நுண்துளைகளின் வழியே உட்புகுந்து காரத்தன்மையைக் குறைப்பது ஒரு வழி. கடற்காற்றிலும் உப்பு நீரிலும் உள்ள குளோரைடு கம்பியை அடைந்து படலத்தைத் துளைப்பது மற்றொரு வழி. படலம் அழிந்த பின் ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு தோன்றும். துருவின் பருமன் அதற்குக் காரணமான இரும்பின் பருமனைப் போல இரு மடங்குக்கு மேற்பட்டதாகையால், அது சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்து நெம்புகிறது. முதலில் கம்பியின் மட்டத்தில் ஏடு பிரிகிறது. பிறகு மேற்பரப்பில் விரிசல் காண்கிறது. முடிவில் மூடுகாரை பெயர்ந்து விழுகிறது.

பொள்ளல் உள்ள இடத்தில் கேடு இரட்டிப்பாகிறது. அங்கே சுமையைத் தாங்கும் பரப்புக் குறைவு என்பதோடு, காற்றும் நீரும் கம்பியை அடையும் வழியும் எளிதாகிறது.

2. உடைக்காமல் சோதிக்கும் முறைகள்

சந்தையில் மண்பானை வாங்குவோர் அதனைச் சுண்டிப் பார்ப்பர். நல்ல பானை கணீரென்று ஒலிக்கும். கீறல் விழுந்த பானையின் ஒலி மங்கும். மேஸ்திரி சுத்தியலால் தளத்தைத் தட்டி ஒலியைக் கேட்பதும் இதே முறைதான். ஏடு பிரிந்த இடத்தில் மேலேடு முரசின் தோலைப் போல அதிர்வதால் ஒலி பொள்ளென்று கேட்கிறது. ஆனால் ஆழத்தில் உள்ள பழுதைக் காதால் அறிய இயலாது. அதற்கென அமைந்த கருவிமுறைகளுள் முக்கியமானவை பின்வருவன.

முதலாவது, செவிக்கெட்டா ஒலித்துடிப்பு முறை. உத்தரத்தின் ஒரு பக்கத்தில் துடிப்பைச் செலுத்தி, மறுபக்கத்தில் அது வந்து சேரும் நேரத்தை அளக்கின்றனர். 1.2 மீட்டர் தடிப்புள்ள உத்தரத்தைக் கடக்க 300 நுண்வினாடி ஆனால் வேகம் வினாடிக்கு 4 கிலோமீட்டர். நுண்வினாடி என்பது வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வேறோர் இடத்தில் 480 நுண்வினாடி ஆனால் வேகம் 2.5 கிலோமீட்டராகக் குறைகிறது. துடிப்பு பொள்ளலைச் சுற்றிக்கொண்டு வந்துள்ளது என்று அங்கே ஐயுற வேண்டும். 1992ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயம் 3.5 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தை நல்லதென்றும், 3 கிலோமீட்டருக்குக் குறைந்ததை ஐயத்துக்கு உரியதென்றும் வகுத்தது. 2018இல் அது திருத்தி வெளியிடப்பட்டதால், களத்தில் நடைமுறையிலுள்ள பதிப்பையே பின்பற்ற வேண்டும்.

இரண்டாவது, மோதல் எதிரொலி முறை. சிறிய எஃகுக் குண்டால் பரப்பைத் தட்டினால் அலை உட்சென்று அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும். மீண்டும் மேற்பரப்பில் பட்டு உள்ளே செல்லும். இவ்வாறு வினாடிக்கு எத்தனை முறை போய் வருகிறது என்பதை அளந்தால் தடிப்புப் புலப்படும். அலையின் வேகம் வினாடிக்கு 4,000 மீட்டர், தளத்தின் தடிப்பு 20 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். போக வர 40 சென்டிமீட்டர். ஆகவே வினாடிக்கு 10,000 அதிர்வுகள் உண்டாகும். இதே தளத்தில் 20,000 அதிர்வுகள் பதிவானால், அலை 10 சென்டிமீட்டர் ஆழத்திலேயே எதன்மீதோ பட்டுத் திரும்பிவிட்டது என்பது பொருள்.

மூன்றாவது, மின்னழுத்த முறை. செம்பு சல்பேட் கரைசலில் செம்புக் கோல் அமைந்த மின்வாயைக் கான்கிரீட்டின் மீது வைத்து, உள்ளே உள்ள கம்பிக்கும் அதற்கும் இடையே உள்ள மின்னழுத்தம் அளக்கப்படுகிறது. அது எதிர்மறை 350 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் அங்கே துரு ஏறிக்கொண்டிருப்பதற்கு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வாய்ப்பு உண்டு என்று கொள்வது வழக்கம். துரு எவ்வளவு விரைவில் ஏறுகிறது என்பதை இவ்வளவீடு கூறாது.

இவற்றோடு, கம்பியின் இடத்தையும் ஆழத்தையும் காட்டும் ராடார் அலை முறையும், வெயிலில் சூடேறும் வேறுபாட்டால் ஏட்டுப் பிரிவைக் காட்டும் வெப்பப் படமும், விரிசலைப் பதியும் புகைப்படமும் பயன்படுகின்றன. ஒவ்வொன்றும் பழுதின் ஒரு முகத்தையே காட்டும். இரண்டு மூன்று முறைகள் ஒருங்கே ஒரே இடத்தைச் சுட்டும்போதுதான் முடிவு உறுதிபெறுகிறது.

3. ரோபாட் எதற்கு?

மேற்கூறிய கருவிகள் யாவும் கையால் இயக்கத்தக்கவையே. அங்ஙனமாயின் ரோபாட் எதற்கு என்று கேட்கலாம். இதற்குக் காரணங்கள் மூன்று.

முதற் காரணம், எட்டுதல். பாலத்தின் அடிப்புறத்தைச் சோதிக்கச் சாரம் கட்ட வேண்டும். சாலைப் போக்குவரத்தை நிறுத்த வேண்டும். பணியாளர் உயரத்தில் நின்று வேலை செய்யும் அபாயமும் உண்டு. இதனால் சோதனை அடிக்கடி நடைபெறுவதில்லை. மனிதர் செல்லவே இயலாத இடங்களும் உள. ஜப்பானில் 2011ஆம் ஆண்டு விபத்துக்குள்ளான புகுஷிமா அணுமின் நிலையத்தின் முதல் உலையைத் தாங்கும் கான்கிரீட் பீடத்தினுள் 2023ஆம் ஆண்டு மார்ச்சில் நீந்தும் ரோபாட் ஒன்று அனுப்பப்பட்டது. பீடத்தின் கீழ்ப்பகுதியில் கான்கிரீட் அழிந்து, கம்பிகள் வெறுமையாக நிற்பதை அதன் படங்கள் காட்டின. கதிரியக்கத்தின் கடுமையால் வேறெவ்வழியிலும் கிடைத்திருக்க முடியாத செய்தி அது.

இரண்டாம் காரணம், அளவு. இந்தியத் தர நிர்ணயப்படி சாதாரணச் சூழலில் விரிசலின் அகலம் பொதுவாக 0.3 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது. இத்தகைய விரிசலைப் படத்தில் அளக்க வேண்டுமாயின், படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சுமார் 0.1 மில்லிமீட்டரைக் குறிக்க வேண்டும். நீளவாக்கில் 4,000, அகலவாக்கில் 3,000 புள்ளிகள் உள்ள படம் ஒன்று, இக்கணக்கில் 40 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பரப்பையே காட்டும். 10 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் உயரமும் உள்ள உத்தரத்தின் ஒரு முகத்துக்கு மட்டும் 100 படங்கள் தேவை. ஒன்றோடொன்று பொருந்தும்படி இருதிசையிலும் பாதியளவு மேற்படிய எடுத்தால் ஏறக்குறைய 400 ஆகும். பல கிலோமீட்டர் நீளமுள்ள பாதையை இவ்விதம் கையால் எடுப்பதோ, படங்களைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிப்பதோ இயலாத காரியம்.

மூன்றாம் காரணம், மீண்டும் வருதல். ஒரு முறை காணப்பட்ட விரிசலைவிட, சென்ற ஆண்டு 0.2 மில்லிமீட்டராக இருந்து இவ்வாண்டு 0.3 ஆக வளர்ந்த விரிசலே பொறியாளருக்கு அதிகம் உணர்த்துவது. இருவேறு மனிதர் இருவேறு ஆண்டுகளில் இருவேறு இடத்தில் நின்று எழுதிய குறிப்புகளை ஒப்பிடுவது கடினம். அதே இடத்துக்குத் திரும்பி வந்து, அதே முறையில் அளக்கும் யந்திரம் இக்குறையை நீக்கக் கூடும்.

4. ஆராய்ச்சி மாணவரின் முன்னுள்ள சிக்கல்கள்

டாக்டர் பட்டத்துக்கு ஆராய்வோர் முழு யந்திரத்தையும் படைத்து முடிப்பர் என எண்ணலாகாது. பெரும்பாலோர் ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, சில ஆண்டுகள் அதனிலேயே உழைக்கின்றனர். அச்சிக்கல்களுள் மூன்றைக் காண்போம்.

முதலாவது, ஒட்டி நிற்றல். காந்தம் இரும்புப் பாலத்துக்கு உதவும், கான்கிரீட்டுக்கு உதவாது. ஆகவே சுவரில் ஏறும் ரோபாட்டுகள் பெரும்பாலும் காற்றை உறிஞ்சி, வெளிக்காற்றின் அழுத்தத்தால் ஒட்டிக்கொள்கின்றன. 6 கிலோகிராம் எடையுள்ள ரோபாட் செங்குத்துச் சுவரில் வழுக்காமல் நிற்க, உராய்வு எண் 0.5 எனக் கொண்டால், சுவரின் மீது 12 கிலோகிராம் எடைக்குச் சமமான அழுத்தம் வேண்டும். உறிஞ்சும் அறை 30 சென்டிமீட்டர் சதுரமாயின் பரப்பு 900 சதுர சென்டிமீட்டர். காற்றழுத்தத்தில் எழுபத்தைந்தில் ஒரு பங்கு குறைந்தாலே இது கிடைத்துவிடும். கணக்கில் எளிதாகத் தோன்றும் இச்செயல் களத்தில் கடினமாகிறது. காரை பெயர்ந்து, விளிம்பு உடைந்து, கம்பி துருத்தி நிற்கும் பரப்பில் அறையின் ஓரத்தில் காற்றுக் கசிந்து பிடி தளர்கிறது. அஃதாவது, எந்த இடத்தைச் சோதிக்க ரோபாட் படைக்கப்பட்டதோ, அந்த இடத்திலேயே அதன் பிடி குறைகிறது. சுரிச் நகரின் தொழில்நுட்பக் கழகத்தில் சுழல்விசிறியின் துணையால் சுவரோடு ஒட்டி நின்று, சக்கரத்தில் அமைந்த மின்வாயால் துருவைத் தேடும் ரோபாட் ஒன்று உருவாக்கப்பட்டமைக்கு இத்தகைய இடர்ப்பாடே காரணம்.

இரண்டாவது, இருப்பிடம் அறிதல். செயற்கைக் கோள்களின் துணையால் இடம் அறியும் முறை, பாதைத் தளத்தின் அடியில் விண்ணொலி மறைக்கப்படுவதால் நம்பத்தக்கதன்று. சக்கரத்தின் சுழற்சியை எண்ணி இடம் கணக்கிட்டால், வழுக்கும் ஒவ்வொரு முறையும் பிழை கூடும். கம்பிகள் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் அமைந்த தளத்தில் 10 சென்டிமீட்டர் தவறினால், சென்ற ஆண்டு அளந்த கம்பி வேறு, இவ்வாண்டு அளந்த கம்பி வேறு என்றாகிவிடும். ஆகவே காமிராவாலும் லேசர்க் கதிராலும் சுற்றுப்புறத்தை அளந்து, வரைபடத்தை வரைந்துகொண்டே அதில் தன் இடத்தையும் குறிக்கும் முறை ஆராயப்படுகிறது. கான்கிரீட் சுவரோ எங்கும் ஒரே நிறமாக, அடையாளமின்றி இருப்பது. அதில் வழி தவறாமை ஒரு தனிச் சவால்.

மூன்றாவது, பொருள் கொள்ளுதல். விரிசலுக்கும், பலகையடைப்பின் தடத்துக்கும், சிலந்திக் கூட்டுக்கும், நீர் வழிந்த கறைக்கும் உள்ள வேறுபாட்டைக் கணிப்பொறி அறிய வேண்டும். ஆயிரக்கணக்கான படங்களில் மனிதர் குறித்துக் காட்டிய விரிசல்களைக் கொண்டு கணிப்பொறிக்குப் பயிற்சி அளிக்கின்றனர். அது ஓர் ஊரின் பாலத்தில் நன்கு பயின்று, வேறு ஊரின் வெயிலிலும் பாசியிலும் தடுமாறுவதுண்டு. ஆகவே ஆய்வுக்கூடத்தில், உள்ளே எங்கு எவ்வளவு பொள்ளல் வைக்கப்பட்டது என்பது அறிந்த கான்கிரீட் பலகைகளை வார்த்து, அவற்றில் ரோபாட்டைச் சோதித்துப் பார்க்கின்றனர். விடை தெரிந்த வினாவைக் கொடுத்து மாணவனைத் தேர்வது போன்றது இது.

5. களத்தில் இயங்குபவை

அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார், அந்நாட்டு மத்திய நெடுஞ்சாலை நிர்வாகத்தின் ஆதரவில், பாலத் தளத்தின் மீது தானே ஓடும் வண்டி ஒன்றை உருவாக்கினர். மோதல் எதிரொலி, ராடார், மின்தடை அளவீடு, புகைப்படம் ஆகியவற்றை அது ஒரே ஓட்டத்தில் பதிகிறது.

இத்தாலியில் ஜெனோவா நகரின் மொராண்டி பாலம் 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் இடிந்து விழுந்து 43 பேர் மாண்டனர். கான்கிரீட் உறைக்குள் மறைந்திருந்த எஃகுக் கம்பிகள் துருவால் தேய்ந்திருந்தமை பின்னர் நிபுணர்களால் கண்டறியப்பட்டது. அவ்விடத்தில் எழுப்பப்பட்டு 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் திறந்து வைக்கப்பட்ட புதிய பாலத்துக்கு, அடிப்புறத்தைப் படம் எடுத்துச் செல்லும் ரோபாட்டுகளை இத்தாலியத் தொழில்நுட்பக் கழகத்தினர் வடிவமைத்தனர்.

நம் நாட்டில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆதரவில் 2015இல் தோன்றிய பிளானிஸ் என்னும் நிறுவனம், அணைகளையும் பாலங்களின் நீரடிப் பகுதிகளையும் சோதிக்கும் நீர்மூழ்கி ரோபாட்டுகளைத் தயாரித்துள்ளது. விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலைச் சேர்ந்த, 1965இல் நிறுவப்பட்ட அமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம், கட்டுமானங்களின் நலத்தை மதிப்பிடும் முறைகளைச் சென்னை தரமணியில் ஆராய்ந்து வருகிறது.

6. எச்சரிக்கையை எவ்வளவு நம்பலாம்?

ரோபாட் ‘பழுது’ என்று குறித்த இடமெல்லாம் பழுதன்று. விளக்கத்துக்காக ஒரு கணக்கைக் கற்பனை செய்துகொள்வோம். சோதிக்க வேண்டிய இடங்கள் 1,000. அவற்றுள் உண்மையில் பழுதுற்றவை 10. ரோபாட் பழுதுற்ற பத்தில் ஒன்பதைக் கண்டுபிடிக்கும். நல்ல இடங்களில் நூற்றுக்கு ஐந்தைத் தவறாகப் பழுதெனக் கூறும். நல்ல இடங்கள் 990. அவற்றில் தவறான எச்சரிக்கை சுமார் 50. ஆகவே ரோபாட் குறிக்கும் இடங்கள் 59. அவற்றுள் உண்மைப் பழுது 9 மட்டுமே.

இதனைக் கண்டு ரோபாட் பயனற்றது என்று முடிவு கட்டலாகாது. 1,000 இடங்களில் சாரம் கட்ட வேண்டிய வேலை 59 இடங்களாகக் குறைந்துள்ளது. இது பெரிய நன்மை. ஆயினும் ரோபாட் தவறவிட்ட பத்தாவது இடம் இன்னும் உத்தரத்தில் இருக்கிறது என்பதை மறத்தல் கூடாது. தவறான எச்சரிக்கையால் செலவு மட்டுமே மிகும். தவறவிட்ட பழுதால் உயிர்ச் சேதம் நேரக் கூடும். இவ்விரண்டையும் சமமாக எண்ணி, ‘நூற்றுக்கு இத்தனை சரி’ என்ற ஒரே எண்ணால் ரோபாட்டை மதிப்பிடும் ஆய்வுரையைக் களப் பணியாளர் ஐயத்துடன் படிக்க வேண்டும். எத்தனை பழுதுகளைத் தவறவிட்டது என்பதே அவர் முதலில் கேட்கத்தக்க வினா.

7. களப் பணியாளர் கவனத்துக்கு

அ. ரோபாட் குறித்த இடங்களைச் சுத்தியலால் தட்டியும், வேறொரு கருவிமுறையால் அளந்தும் உறுதி செய்தல் வேண்டும். ஐயம் நீங்காவிடில், பொறியாளரின் அனுமதி பெற்று, உருளைத் துண்டு வெட்டி எடுத்துப் பார்ப்பதே முடிவான சோதனை.

ஆ. கான்கிரீட் வார்த்த நாள், கலவை, வைப்ரேட்டர் செலுத்திய விதம், கம்பிகள் நெருங்கிய இடங்கள் ஆகியவற்றின் குறிப்பேட்டைப் பாதுகாக்க வேண்டும். கம்பி நெருக்கமும் குறைந்த அதிர்வும் சேர்ந்த இடமே பொள்ளலுக்கு உகந்த இடம். ரோபாட்டை முதலில் அனுப்பத்தக்கதும் அதுவே.

இ. தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் நிலையான எண்ணும் அடையாளக் குறியும் இட வேண்டும். அடுத்த ஆண்டு வரும் ரோபாட்டுக்கும் மனிதருக்கும் இது ஒருங்கே உதவும்.

ஈ. விரிசலின் அகலத்தோடு நாள், வெப்பநிலை, மழை ஆகியவற்றையும் பதிய வேண்டும். வெப்பத்தால் அகலம் மாறும். ஈரத்தால் ராடார், மின்னழுத்த அளவீடுகளும் மாறும்.

உ. யந்திரத்தின் படங்களைப் பார்த்து, இப்பாதையில் வண்டி ஓடலாமா, வேகத்தைக் குறைக்க வேண்டுமா, நிறுத்த வேண்டுமா என்று முடிவு செய்பவர் பொறியாளரே. அப்பொறுப்பை அவர் யந்திரத்தின் மீது சுமத்த இயலாது. ஆகவே ஒவ்வோர் அளவீட்டின் அடியிலும் அதனைச் சரிபார்த்தவர் கையொப்பம் இருத்தல் அவசியம்.

8. வகுப்பறைப் பயிற்சி

ஆசிரியர்கள் மாணவர்களைப் பள்ளியின் பழைய சுவர் ஒன்றின் அருகே அழைத்துச் சென்று, 20 சென்டிமீட்டர் இடைவெளியில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டங்கள் வரையச் செய்யலாம். ஒவ்வொரு கட்டத்தையும் மரச் சுத்தியால் மெல்லத் தட்டி, ஒலி திடமானதா, பொள்ளலானதா எனக் குறிக்க வேண்டும். இரு குழுவினர் ஒருவர் குறிப்பை மற்றவர் பாராமல் இதனைச் செய்து, பின்னர் ஒப்பிட்டால், அளவீட்டில் மனிதருக்கு மனிதர் உண்டாகும் வேறுபாடு தெளிவாகும். பெயர்ந்து விழும் நிலையிலுள்ள சுவரையும், தலைக்கு மேலுள்ள தளத்தையும் இப்பயிற்சிக்குத் தேர்தல் கூடாது.

வினாக்கள்

1. அலையின் வேகம் வினாடிக்கு 4,000 மீட்டர். 25 சென்டிமீட்டர் தடிப்புள்ள நல்ல தளத்தில் மோதல் எதிரொலியின் அதிர்வெண் யாது? 16,000 அதிர்வுகள் பதிவானால் தடை எந்த ஆழத்தில் உள்ளது?

2. 6 கிலோகிராம் எடையுள்ள ரோபாட் உத்தரத்தின் அடிப்புறத்தில் அசையாமல் ஒட்டி நிற்கக் குறைந்த அளவு எவ்வளவு பிடிப்பு வேண்டும்? செங்குத்துச் சுவரில் அதைவிட மிகுதியாக வேண்டியிருப்பது ஏன்?

3. ஆறாம் பகுதியின் கணக்கில், பழுதுற்ற இடங்கள் 10க்குப் பதிலாக 100 எனக் கொள்க. ரோபாட் குறிக்கும் இடங்களுள் உண்மைப் பழுது எத்தனை? ரோபாட் தவறவிடுபவை எத்தனை?